உலகம் கலங்கிக் கிடக்கும்போது விசுவாசத்தோட வாழுறது எப்படி

போனைத் திறந்தா போர், கீழ தள்ளினா வேலை போனவங்க கதை, நடுவுல சபை குரூப்ல யாருக்கோ கேன்சர்னு ஒரு ஜெபக்குறிப்பு. இப்படித்தான் நம்மள்ல நிறைய பேருக்கு நாள் விடியுது. வாய் "கர்த்தர் பாத்துக்குவார்"னு சொல்லுது, ஆனா ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது. இந்த நிலைமையில இருக்கறவங்களுக்குத்தான் இதை எழுதறேன், விசுவாசம் குறைஞ்சவங்கன்னு உங்களை யாரும் சொல்லிட முடியாது, கலக்கம் வர்றது மனுஷ இயல்பு, அதை வெச்சுக்கிட்டு அன்னன்னைக்கு என்ன பண்றோம்ங்கறதுதான் விஷயம்.

இயேசு சீஷர்களை விட்டுப் போறதுக்கு முந்தின ராத்திரி சொன்னதைப் பாருங்க, "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு, ஆனாலும் திடன்கொள்ளுங்கள், நான் உலகத்தை ஜெயித்தேன்" (யோவான் 16:33). நாம பெரும்பாலும் இதுல பாதியைத்தான் பிடிச்சுக்கறோம். சிலர் முன்பாதியைப் பிடிச்சுக்கிட்டு "கடைசி காலம், இப்படித்தான் இருக்கும்"னு கதவைச் சாத்திக்கறாங்க, சிலர் பின்பாதியை மட்டும் பிடிச்சுக்கிட்டு விசுவாசிக்குக் கஷ்டமே வரக்கூடாதுன்னு நினைக்கறாங்க, வந்துட்டா எங்கயோ பாவம் இருக்குன்னு தேட ஆரம்பிச்சிடறாங்க. ரெண்டும் தப்பு. மொத்த உலகத்தையும் தோள்ல தூக்கற வேலையை ஆண்டவர் உங்ககிட்ட கொடுக்கல, உங்க கைக்கு எட்டுற தூரத்துல இருக்கற சில பேரைத்தான் கொடுத்திருக்கார். கீழ சொல்ற எல்லாமே இதுல இருந்து வர்றதுதான்.

காலையில முதல் அரைமணி

செய்தி பாக்கறதுக்கு முன்னாடி ஜெபம். கேட்டா ரொம்ப சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனா என் அனுபவத்துல இதுதான் பெரிய வித்தியாசம் பண்ணுது. ராத்திரி போனை படுக்கை பக்கத்துல வைக்காதீங்க, அலாரத்துக்கு வேணும்னா தனியா ஒரு கடிகாரம் வாங்கிக்கோங்க. எழுந்ததும் ஒரு சங்கீதம், சுவிசேஷத்துல ஒரு பகுதி, அப்புறம் ஜெபம், அதுக்கப்புறம் போன். செய்திக்குன்னு ஒரு நேரத்தை ஒதுக்குங்க, ஒரு நாளைக்கு ரெண்டு தடவை போதும், அதுலயும் தூங்கப் போறதுக்கு முன்னாடி வேண்டவே வேண்டாம். செய்தியே பாக்காம இருக்கறது தீர்வு இல்ல, பக்கத்துல என்ன நடக்குதுன்னு தெரியாம அயலானை நேசிக்க முடியாது.

தானியேலைப் பாருங்க. ராஜாவைத் தவிர வேற யார்கிட்டயும் முப்பது நாளைக்கு விண்ணப்பம் பண்ணக்கூடாது, பண்ணினா சிங்கக் கெபின்னு சட்டம் வருது, அது தெரிஞ்சும் அவன் மேலறைக்குப் போய் "தான் முன் செய்துவந்தபடியே" தினம் மூணு வேளையும் முழங்கால் போட்டான்னு இருக்கு (தானியேல் 6:10). சட்டம் வந்த அன்னைக்குப் புதுசா ஒரு வீர ஜெபத்தை அவன் தொடங்கல, ஏற்கனவே இருந்த பழக்கம் அன்னைக்கும் தொடர்ந்தது, அவ்வளவுதான். அதனால எல்லாம் ஓரளவு நல்லா இருக்கற நாள்லயே பழக்கத்தைப் போட்டு வைங்க, புயல் அடிக்கற அன்னைக்கு மனசு புதுசா எதையும் கத்துக்கற நிலைமையில இருக்காது.

முறையிடக் கத்துக்கோங்க

இது நம்ம சபைகள்ல ரொம்பக் கம்மியா சொல்லித் தர்ற விஷயம், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். துதி ஆராதனை நமக்கு நல்லாத் தெரியும், ஆனா அழுது முறையிடத் தெரியாது. வேதனையோட ஆராதனைக்கு வர்றவங்க முகத்தை சிரிச்ச மாதிரி மாத்திக்கிட்டு உள்ள வர்றாங்க, "எப்படி இருக்கீங்க"ன்னா "ஸ்தோத்திரம், நல்லா இருக்கேன்"ங்கறாங்க. ஆனா 150 சங்கீதத்துல புலம்பலும் முறையீடுமா இருக்கறது ரொம்ப அதிகம், புலம்பல்னே தனியா ஒரு புத்தகமே வேதத்துல இருக்கு. சங்கீதம் 88-ஐ வாசிச்சுப் பாருங்க, கடைசி வரி வரைக்கும் வெளிச்சமே வராது, ஆனாலும் அது வேதத்துல இருக்கு, அப்படி ஜெபம் பண்ணவும் ஆண்டவர் இடம் கொடுத்திருக்கார்னுதானே அர்த்தம்.

ஆரம்பிக்க சங்கீதம் 13 நல்ல இடம். ஆறே வசனம். முதல் ரெண்டு வசனத்துல தாவீது "எதுவரைக்கும்"னு நாலு தடவை கேக்கறார், எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் முகத்தை மறைப்பீர்னு நேராவே கேக்கறார். அடுத்த ரெண்டுல வேணுங்கறதைக் கேக்கறார், கடைசி ரெண்டுல உம்முடைய கிருபையை நம்பியிருக்கேன்னு வந்து நிக்கறார். இதே வரிசையில உங்க நோட்டுல உங்க சொந்த வார்த்தையில எழுதுங்க. ஜெபத் தமிழ் வேண்டாம், வீட்ல பேசற மாதிரி எழுதுங்க. உதாரணத்துக்கு இப்படி:

"ஆண்டவரே, இன்னும் எத்தனை நாள்? அம்மா ஆஸ்பத்திரியில படுத்து ரெண்டு மாசமாச்சு, நீர் கேக்கறீரான்னே தெரியல. எனக்குக் கோவமா வருது. நாளைக்கு வர்ற ரிப்போர்ட்டை நினைச்சா பயமா இருக்கு. டாக்டருக்குத் தெளிவைக் கொடும், அம்மாவுக்கு இன்னைக்கு ராத்திரி வலி இல்லாத தூக்கத்தைக் கொடும். போன தடவை நாங்க தனியா நின்னப்போ நீர் கூட இருந்தீர், அதை நான் மறக்கல. இப்போ எதுவும் புரியல, ஆனாலும் உம்மை விட்டுப் போகமாட்டேன்."

கோவத்தை எழுதவான்னு தயங்காதீங்க, அவருக்கு ஏற்கனவே தெரியும். அப்புறம் மூணாவது பகுதி வரலைன்னா கட்டாயப்படுத்தி எழுதவேண்டாம், அன்னைக்கு முதல் ரெண்டோட நிறுத்திக்கோங்க, நாளைக்குத் திரும்ப வாங்க. உலகச் செய்தியையும் இப்படியே ஜெபிக்கலாம், போர் நடக்கற ஒரு ஊர், வெள்ளம் வந்த ஒரு இடம், ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணை எடுத்துக்கோங்க. எல்லாத்தையும் ஒரே மூச்சுல "உலக சமாதானத்துக்காக"ன்னு ஜெபிச்சா மனசு அதுல நிக்காது.

ஜெபத்துல இருந்து ஒரு வேலை

எரேமியா 29:11, "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்"ங்கற வசனம், எல்லாருக்கும் மனப்பாடம். ஆனா அது எந்தச் சூழ்நிலையில வந்ததுன்னு பாத்தா இன்னும் ஆழமா இருக்கும். கி.மு. 597-ல நேபுகாத்நேச்சார் எருசலேம்ல இருந்து ராஜாவையும் ஜனங்கள்ல ஒரு கூட்டத்தையும் பாபிலோனுக்குப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டான். அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி ரெண்டே வருஷத்துல எல்லாம் சரியாகிடும்னு சொன்னான், ஜனங்களுக்கு அதுதான் கேக்க இனிச்சிருக்கும். எரேமியா எழுபது வருஷம்னு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்துல இருக்கற கட்டளை என்ன தெரியுமா, வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, கல்யாணம் பண்ணுங்க, உங்களைச் சிறைப்பிடிச்ச அந்தப் பட்டணத்தோட சமாதானத்தையே தேடுங்க, அதுக்காகக் கர்த்தர்கிட்ட ஜெபம் பண்ணுங்க. பதினோராவது வசனத்தை எழுதி மாட்டறோம், ஏழாவது வசனத்தை விட்டுடறோம்.

இதை எப்படிச் செய்றது? ஜெபம் முடிச்சதும் ஒரே ஒரு பேரை எழுதுங்க, இன்னைக்கு உங்களால எட்ட முடிஞ்ச ஒரு ஆள். பக்கத்து வீட்ல தனியா இருக்கற பெரியவர், வேலை போன பழைய சகா, வாரக்கணக்கா சபைக்கு வராத ஒருத்தர். பேருக்குப் பக்கத்துல செய்ய வேண்டியதை ஒரு வரியில எழுதுங்க, "மருந்து வாங்கிக் கொடுக்கணும்", "போன் பண்ணி அரைமணி நேரம் பேச்சைக் கேக்கணும்"னு செய்து முடிக்கற மாதிரி எழுதுங்க, "அன்பா இருக்கணும்"னு எழுதினா அது நடக்காது. யாக்கோபு ரொம்பக் காட்டமா கேட்டது இதைத்தான், துணியில்லாம பசியோட இருக்கறவங்ககிட்ட சமாதானத்தோட போங்க, குளிர் காயுங்க, பசியாறுங்கன்னு சொல்லிட்டு ஒண்ணும் கொடுக்கலைன்னா என்ன பிரயோஜனம் (யாக்கோபு 2:15, 16). "ஜெபிச்சுக்கறேன்"னு சொல்றதுக்கு முன்னாடி நம்மால கொடுக்க முடிஞ்சது ஏதாவது இருக்கான்னு ஒரு நிமிஷம் யோசிக்கணும். சொல்லிட்டா அப்பவே, அந்த இடத்துலயே ஜெபிச்சிடுங்க, அப்புறம்னு விட்டா மறந்துடும்.

தைரியத்துக்கும் முரட்டுத்தனத்துக்கும் நடுவுல எங்க கோடு போடறதுன்னு குழப்பம் இருந்தா ஜெர்மன் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் பண்ணினது உதவும். 1527-ல விட்டன்பர்க்ல கொள்ளைநோய் வந்தப்போ பல்கலைக்கழகத்தையே வேற ஊருக்கு மாத்தினாங்க, லூத்தர் போகல, கர்ப்பமா இருந்த மனைவி காத்தரீனாவோட அங்கேயே இருந்து நோயாளிகளைத் தன் வீட்லயே வெச்சுப் பாத்துக்கிட்டார். ஆனா ஓடறது பாவமான்னு கேட்டவங்களுக்கு அவர் எழுதின பதில்ல, பொறுப்புல இருக்கறவங்க இருக்கணும், மத்தவங்களைப் பாத்துக்க ஆள் இருந்தா போறவங்க போகலாம், மருந்து சாப்பிடுங்க, வீட்டைச் சுத்தம் பண்ணுங்க, தேவையில்லாத இடத்துக்குப் போகாதீங்கன்னு எழுதினார். அயலானுக்கு நான் தேவைன்னா போவேன்னும் எழுதினார். விசுவாசம் இருக்கு, எனக்கு ஒண்ணும் வராதுன்னு மத்தவங்களை ஆபத்துல தள்ளறது விசுவாசம் இல்ல, தேவனைப் பரீட்சை பார்க்கறது.

துக்கத்துல இருக்கறவங்க பக்கத்துல

யோபுவோட சிநேகிதங்க முதல்ல பண்ணினது ரொம்ப சரி, ஏழு நாள் ஏழு ராத்திரி அவனோட தரையில உக்காந்தாங்க, ஒரு வார்த்தை பேசல (யோபு 2:13). வாயைத் திறந்ததுக்கு அப்புறம்தான் எல்லாம் கெட்டது, கடைசியில கர்த்தரே நீங்க என்னைப் பத்தி சரியாப் பேசலன்னு அவங்ககிட்ட சொல்ற அளவுக்குப் போச்சு.

அதனால சாவு வீட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போனா "எல்லாம் நன்மைக்குத்தான்", "ஆண்டவர் தம்முடைய தோட்டத்துல ஒரு பூவைப் பறிச்சுக்கிட்டார்", "உன் விசுவாசத்தைச் சோதிக்கறார்" இதெல்லாம் தயவுசெய்து வேண்டாம். குழந்தையை இழந்த ஒரு தாய்கிட்ட பூவைப் பறிச்சார்னு சொன்னா அவங்க மனசுல ஆண்டவரைப் பத்தி என்ன படம் வரும்னு யோசிங்க. இயேசு லாசருவை எழுப்பப் போறார்னு அவருக்கே தெரியும், இருந்தும் கல்லறைக்குப் போற வழியில அழுதார். நாம அதைவிட அவசரமா ஆறுதல் சொல்ல வேண்டியதில்ல. "எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல, கூட இருக்கேன்" போதும். இறந்தவங்க பேரைச் சொல்லிப் பேசுங்க, பேரைத் தவிர்க்காதீங்க. "ஏதாவது வேணும்னா கேளுங்க"ன்னு சொன்னா யாரும் கேக்கமாட்டாங்க, அதனால "நாளைக்குச் சாயங்காலம் பிள்ளைங்களை நான் கூட்டிட்டு வரேன்"னு குறிப்பா சொல்லுங்க. முக்கியமா ஒரு மாசம் கழிச்சு, கூட்டமெல்லாம் போனதுக்கு அப்புறம், திரும்பப் போங்க.

பயத்தை ஃபார்வேர்டு பண்ணாதீங்க

"யுத்தங்களையும் யுத்தங்களின் செய்திகளையும் கேள்விப்படுவீர்கள்"னு சொன்ன அதே வசனத்துல கலங்காதபடி எச்சரிக்கையா இருங்கன்னும் இயேசு சொல்லியிருக்கார் (மத்தேயு 24:6), அந்த நாளையும் நாழிகையையும் பிதா தவிர ஒருத்தரும் அறியார்னும் அதே அதிகாரத்துல இருக்கு. இருந்தும் ஒவ்வொரு போருக்கும் ஒரு தேதிக் கணக்கு வந்துடுது. அமெரிக்காவுல வில்லியம் மில்லர்ங்கற பிரசங்கியோட போதனையைக் கேட்டு ஆயிரக்கணக்கான பேரு 1844 அக்டோபர் 22-ல இயேசு திரும்ப வருவார்னு காத்திருந்தாங்க, சிலர் பயிரைக்கூட அறுக்காம விட்டாங்க, அந்த நாள் வந்துச்சு, போச்சு, நிறைய பேரோட விசுவாசமே ஒடைஞ்சு போச்சு. அதுக்கும் ரொம்ப முன்னாடி தெசலோனிக்கேயாவுல கர்த்தருடைய நாள் வந்துடுச்சுங்கற பேச்சு கிளம்பினப்போ கலங்காதீங்கன்னு பவுல் எழுதினார், வேலை செய்யாம சுத்திக்கிட்டு இருந்தவங்களை அமைதியா வேலை செஞ்சு சொந்தச் சாப்பாட்டைச் சாப்பிடுங்கன்னும் அதே கடிதத்துல சொன்னார்.

வர்ற மெசேஜை அனுப்பறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க. தேதி இருக்கா, யாரு சொன்னதுன்னு இருக்கா, நம்பகமான வேற ஒரு செய்தி நிறுவனமாவது போட்டிருக்கா. "இத்தனை மிஷனரிகளை நாளைக்குக் கொல்லப் போறாங்க, உடனே ஜெபிக்கவும்"னு வருஷக்கணக்கா ஊர் பேரை மட்டும் மாத்தி மாத்தி சுத்தற மெசேஜ் இருக்கு. ஜெபத்துக்காகத்தானே அனுப்பினேன்னு சொல்லலாம், ஆனா அதுல ஒரு இனத்தையோ மதத்தையோ பத்தி பொய் இருந்தா அது பிறனுக்கு விரோதமான பொய்ச்சாட்சி, பத்துக் கட்டளையில ஒண்ணை மீறறோம். நிஜமாவே விசுவாசத்துக்காகச் சிறையில இருக்கறவங்க இருக்காங்க, பொய்யான கதை அவங்களுக்குத்தான் கெடுதல் பண்ணுது, அடுத்த தடவை உண்மையைச் சொன்னாலும் யாரும் நம்பமாட்டாங்க.

மன்னிப்பும் நியாயமும்

பழிவாங்கறது ஆண்டவர் வேலை, அதை நம்ம கையில எடுக்கக்கூடாது, ரோமர் 12 இதுல ரொம்பத் தெளிவு. உங்களைக் காயப்படுத்தினவங்க பேரைச் சொல்லி தினமும் ஒரு வரி ஜெபம், முதல்ல பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் வரும், பரவாயில்ல. நாஜி சிறைமுகாம் ராவன்ஸ்புரூக்ல தன் அக்கா பெட்சியை இழந்த கோரி டென் பூம்ங்கற டச்சு விசுவாசி, போருக்கு அப்புறம் 1947-ல ஜெர்மனியில பேசி முடிச்சப்போ அந்த முகாம்ல காவலனா இருந்த ஒருத்தன் வந்து கை நீட்டினான். அவங்களால கையைத் தூக்கவே முடியலையாம், மனசு குளிர்ந்து கெட்டியாக் கிடந்துச்சாம், இயேசுவே உதவி பண்ணும்னு கேட்டுட்டு கையை மட்டும் நீட்டினாங்க, உணர்வு அதுக்கு அப்புறம்தான் வந்துச்சுன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. உணர்வு வந்ததுக்கு அப்புறம் மன்னிக்கலாம்னு காத்திருந்தா நடக்காதுங்கறதுக்கு இதைவிட உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனா இதை ரொம்ப அழுத்தியே சொல்லணும்: மன்னிக்கறதும் அடி வாங்கிக்கிட்டே அங்க இருக்கறதும் ஒண்ணு இல்ல. வீட்ல அடி, மிரட்டல், பிள்ளைங்க மேல கை வைக்கறதுன்னா முதல்ல பாதுகாப்பான இடத்துக்குப் போகணும், போலீஸ்ல சொல்லணும். "பொறுத்துக்கோ சிஸ்டர், சிலுவையைச் சுமக்கணும்"னு சொல்ற ஆலோசனை வேதத்தைத் தப்பாப் பயன்படுத்தறது. பவுல் தன்னை சாட்டையால அடிக்கக் கட்டினப்போ ரோமக் குடியுரிமையைச் சொல்லித் தடுத்தார் (அப்போஸ்தலர் 22:25), நியாயம் கிடைக்காதுன்னு தெரிஞ்சதும் ராயனுக்கு, அதாவது ரோமப் பேரரசருக்கு, அபயமிட்டார் (மேல்முறையீடு பண்ணினார்). சட்டத்தைத் தேடறது விசுவாசக் குறைவு இல்ல. மத்தவங்களுக்கு நடக்கற அநியாயத்துக்கும் இதே மாதிரிதான், வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் 1787-ல அடிமை வியாபாரத்துக்கு எதிரா பிரிட்டிஷ் பாராளுமன்றத்துல நிக்கறதுன்னு முடிவெடுத்தார், சட்டம் வந்தது 1807-ல, இருபது வருஷம், நடுவுல திரும்பத் திரும்பத் தோல்வி. ஒரு விஷயத்தை எடுத்தா அதுலயே வருஷக்கணக்கா நிக்கற மாதிரி எடுங்க.

உடம்பையும் பாருங்க

எலியா சாகணும்னு சூரைச்செடி கீழ படுத்தப்போ தேவதூதன் பிரசங்கம் பண்ணல, எழுந்து சாப்பிடுன்னான், அவன் திரும்பத் தூங்கினான், ரெண்டாவது தடவையும் எழுப்பி சாப்பிட வெச்சான், பேச்செல்லாம் அதுக்கு அப்புறம்தான் (1 இராஜாக்கள் 19). வாரத்துல ஒரு நாள் நிஜமாவே ஓய்வு எடுங்க, ஊழியம்ங்கற பேர்ல அந்த நாளையும் நிரப்பிடாதீங்க. வாரக்கணக்கா தூக்கமில்ல, எதுலயும் மனசு ஒட்டல, உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதுன்னா அன்னைக்கே நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட சொல்லுங்க, டாக்டரைப் பாருங்க. ஜெபமும் மாத்திரையும் ஒண்ணுக்கொண்ணு எதிரி இல்ல.

யாராவது கேட்டா

உங்களிலிருக்கிற நம்பிக்கையைக் குறித்து கேக்கறவங்களுக்கு சாந்தத்தோட பதில் சொல்ல ஆயத்தமா இருங்கன்னு பேதுரு எழுதறார் (1 பேதுரு 3:15). உங்க வாழ்க்கையைப் பாத்து யாராவது கேப்பாங்கன்னு அவர் எதிர்பாக்கறார், அதனால பதிலை முன்கூட்டியே யோசிச்சு வைங்க. ரெண்டு நிமிஷத்துல சொல்ற மாதிரி, உங்களுக்கு நடந்ததை, சபைக்குள்ள மட்டும் புரியற வார்த்தைகள் இல்லாம. இவ்வளவு துன்பத்தை ஆண்டவர் ஏன் விடறார்னு கேட்டா தெரியலன்னு சொல்ல வெட்கப்படாதீங்க, ஆனா அவர் சிலுவையில அந்தத் துன்பத்துக்குள்ளயே வந்தார், அதனால அவரை நம்பறேன்னு சொல்லலாம்.

ஒருத்தரோட கஷ்டத்தை மட்டும் அவங்களை சபைக்கு இழுக்கற வாய்ப்பா எடுத்துக்காதீங்க. 361-ல இருந்து 363 வரைக்கும் ரோமை ஆண்ட ஜூலியன் கிறிஸ்தவத்தை ஒழிச்சுப் பழைய தெய்வ வழிபாட்டைத் திரும்பக் கொண்டுவர நினைச்சவன், அவனே தன் பூசாரி ஒருத்தருக்கு எழுதின கடிதத்துல இந்தக் கலிலேயர் (கிறிஸ்தவங்களை அவன் அப்படித்தான் சொல்லுவான்) தங்க ஏழைகளை மட்டும் இல்லாம நம்ம ஏழைகளையும் சேத்துப் பாத்துக்கறாங்கன்னு குறைப்பட்டுக்கிட்டான். நீங்களும் ஒரு குடும்பத்துக்கு உதவ ஆரம்பிச்சா இதை முதல்லயே மனசுல தீர்மானம் பண்ணிக்கோங்க: அவங்க சபைக்கு வந்தாலும் சரி வராட்டியும் சரி, அடுத்த மாசமும் அந்த உதவி அதே தேதிக்குப் போய்ச் சேரணும்.